சிங்கப்பூர் ராகு காலம்

வெள்ளிக்கிழமை மகளுக்குக் காதுகுத்து. புதன்கிழமை சாயங்காலம் தம்பி சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணி, லீவு இல்லையாம் என்றான். அவன் வேலை பார்க்கிற கப்பல் பட்டறைக்கு ஏதோ ஒரு கப்பல் அவசரமாகப் பழுது பார்க்க வந்து நிற்கிறதாம், அவன் பிரிவில் ஒருத்தரையும் விடமாட்டேன் என்கிறார்களாம். நான் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டரை நிறுத்தாமலே, என்னடா சொல்றே, கேக்கல என்றேன். கேட்டுவிட்டது. இன்னொரு தடவை சொல்வதற்குள் சேதி மாறிவிடாதா என்று ஒரு நப்பாசை, அவ்வளவுதான்.

மாறவில்லை. டிக்கெட் போட்டாயிற்று, பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை வாங்கியாயிற்று, பெட்டிகூடக் கட்டிவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கப்பலை, அது மிதக்கிற கடலை, கடல் தாண்டிப் போனால்தான் பிழைப்பு என்று நம்புகிற எங்கள் ஊர்க்காரர்களை எல்லாரையும் சேர்த்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. சாதாரணமாக நான் ஒன்று திட்டினால் அவன் இரண்டு திட்டுவான்.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் இதில் பேச்சுக்கே இடமில்லை. மேளம் இல்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்வார்கள், சாம்பாரில் உப்பு இல்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்வார்கள், மாமன் மடி இல்லையென்றால் அது காதுகுத்தே இல்லை. எனக்கு இருப்பது ஒரே தம்பி.

சேதி என் கணவரின் அக்காவுக்குப் போய்விட்டது. நான் அவரை மதினி என்பேன். திருமயத்தில் இருக்கிறார். எங்கள் குடும்ப விசேஷங்களுக்குத் தேதி குறிப்பதும் அவர்தான், சமையலுக்கு ஆள் பார்ப்பதும் அவர்தான், சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்வதும் அவர்தான். சண்டையைத் தொடங்கி வைப்பதும் பெரும்பாலும் அவர்தான். குளத்தூரில் இருக்கிற என் சித்தப்பா மகனை மடிக்குக் கூப்பிட்டுக்கொள், அவனும் உனக்குத் தம்பி முறைதானே என்றார். முறைக்குச் சரிதான். தம்பிக்குத் திரும்பப் போன் போட்டு, மதினி இப்படிச் சொல்றாங்கடா என்றேன்.

"சரிக்கா. அப்பாவுக்குந்தான் நான் இல்ல. இதுக்கும் இல்லைன்னா என்ன இப்ப."

போனை வைத்துவிட்டான். உளுந்து பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவன் எதைச் சொன்னான் என்பது எனக்குத் தெரியும். அம்மா நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். அப்புறம் எல்லாமே அப்பாதான். தம்பி சிங்கப்பூர் போன நாளிலிருந்து தினமும் காலையில், அவன் வேலைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து, அப்பா போன் பண்ணுவார். பேச்சு ஒரு நிமிடத்தைத் தாண்டாது. எங்கள் அப்பாவுக்குப் போனில் பேசுவதென்றால் பக்கத்துத் தெருக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி கத்த வேண்டும், கத்தினால் மூச்சு வாங்கும், அதனால் சுருக்கமாக முடித்துவிடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் அவர் வீட்டுக்குப் போயிருந்த ஒரு விடுமுறை நாள் காலையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பக்கத்து அறையில் தோசை சுட்டுக்கொண்டிருந்த எனக்கே தெரியாது. தட்டை எடுத்துக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது. தம்பி அன்றைக்கே விமானம் பிடித்துத் திருச்சியில் இறங்கி, கொள்ளி வைத்து, எல்லாக் காரியத்தையும் முறையாகச் செய்தான். எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். அப்பா போனபோது மணி என்ன? நான் சொன்னேன். மனதுக்குள் இரண்டரை மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தான். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட அவ்வளவு முந்தி ஓடுகிறது. கூட்டி முடித்ததும் அவன் முகம் தொங்கிப்போய்விட்டது.

"அப்ப நான் கேண்டீன்ல இருந்தேன்க்கா. பக்கத்துல ஒருத்தன் என்னமோ சொன்னான், வயிறு வலிக்கச் சிரிச்சேன். அப்பா போற அதே நேரத்துல."

திரும்பிப் போனவன் அதற்கப்புறம் அந்தக் கேண்டீன் பக்கமே போவதில்லை. மதியத்துக்கு ரொட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, ஒருத்தரும் இல்லாத இடமாகப் பார்த்துத் தனியாகத் தின்றுவிடுகிறானாம். அவனோடு வேலை பார்க்கிற ஒருவர் ஊருக்கு வந்தபோது என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். நான் கேட்டதற்கு, கேண்டீன் சோறு ஒத்துக்கல என்றான். பொய் சொல்ல அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வராது.

நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். அவனைத் தேற்றுவதற்கு எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றைத்தான் அப்போது எடுத்தேன். ஒன்றுக்கொன்று தூரத்தில் நடக்கிற இரண்டு விஷயங்களை 'அதே நேரத்தில்' என்று சொல்ல, உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு நேரமே கிடையாதுடா, நிற்கிறவன் ஒரே நேரம் என்பான், ஓடுகிறவன் முன்னே பின்னே என்பான், இரண்டும் சரி என்றேன். பொறுமையாகக் கேட்டான். எவ்வளவு வித்தியாசம் வரும் என்றான். பாழாய்ப்போன படிப்பு, இந்த இடத்தில் பொய் சொல்ல விடவில்லை. விமானத்தில் பறந்துகொண்டே கணக்குப் பார்த்தால்கூட, கண்ணிமைக்கிற நேரத்தைக் கோடிக்கணக்கான கூறாகப் போட்டு அதில் ஒரு கூறுதான் தேறும் என்றேன்.

அவ்வளவுதானா, இதுக்கா அத்தனை வருஷம் படிச்ச என்றான். நியாயமான கேள்வி. அதோடு அந்தப் பேச்சை நானும் விட்டுவிட்டேன்.

இப்போது பாப்பாவின் காதுகுத்திலும் இன்னொருத்தன் மடி என்றால், இவன் முற்றாக ஒதுங்கிவிடுவான் என்று எனக்கு உறுத்தியது. விசேஷத்துக்கு விசேஷம் பார்சல் அனுப்புகிற மாமாவாக ஆகிவிடுவான். அப்படிப்பட்ட மாமாக்களை எனக்குத் தெரியும். அதனால் மதினியைக் கூப்பிட்டு, வேறு யார் மடியும் கிடையாது என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டேன். அப்ப பிள்ளையை அந்தரத்துல தொங்கவிட்டா குத்துவ என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது குரலை உயர்த்துவது என் வழக்கம். அவருக்கும் அதே வழக்கம்.

கடைசியில் என் யோசனை இதுதான்: வீடியோ காலில் தம்பி எதிரே இருக்க வேண்டும். குத்துகிற நேரம் அவன் தன் அறையில் வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாங்கி வைத்த பட்டுப்பாவாடையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே பிள்ளையை என் மடியில் வைத்துக்கொள்கிறேன். என் கல்யாணத்துக்கு அவன் கட்டியிருந்த வேட்டி அப்பா வீட்டு பீரோவில் கிடந்தது, அதை மடியில் விரித்துக்கொள்கிறேன். அங்கே பாவாடை, இங்கே வேட்டி, நடுவில் போன், எல்லாம் ஒரே நேரத்தில். தம்பியிடம் சொன்னபோது சிரித்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தை முன்னால் தள்ளிக் கேட்டு வாங்கிவிடுகிறேன் என்றான். ஆனால் சரியா அந்த நேரத்துல குத்தணும்க்கா என்று மூன்று தடவை சொன்னான்.

மறுநாள் கல்லூரியில், பார்த்து வைத்தாற்போல, எனக்கு அதே பாடம். பஸ் ஸ்டாண்டில் பக்கத்து பஸ் கிளம்பினால் நம் பஸ்தான் பின்னால் போகிறது என்று ஒரு நொடி பதறுகிறோமே, அதிலிருந்துதான் எப்போதும் ஆரம்பிப்பேன். நாம் அசைகிறோமா, அவன் அசைகிறானா என்று ஜன்னலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. எதை வைத்துப் பார்க்கிறோம் என்பதுதான் விஷயம். அந்த 'எதை வைத்து' என்பதைத்தான் புத்தகத்தில் குறிப்பாயம் என்று பெரிய பேராக வைத்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம் ரயில். புதுக்கோட்டை ஸ்டேஷனில் நிற்காமல் ஒரு ரயில் போகிறது. இஞ்சின் பக்கம் ஒரு வெடி, கடைசிப் பெட்டியில் ஒரு வெடி. இரண்டு வெடியும் வெடித்த இடத்துக்குச் சரி நடுவில் பிளாட்பாரத்தில் ஒருவர் நிற்கிறார். இரண்டு வெளிச்சமும் அவரிடம் ஒன்றாக வந்து சேர்கின்றன. இரண்டுக்கும் தூரம் ஒன்று, ஒளியின் வேகமும் ஒன்று, ஆகவே ஒரே நேரத்தில் வெடித்தன என்கிறார். ரயிலின் நடுப்பெட்டியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முன்பக்கத்து வெளிச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதால் அது அவளிடம் முதலில் வந்துவிடுகிறது. ஆனால் அவளுக்கும் இரண்டு முனையும் ஒரே தூரம்தான், ஒளியின் வேகம் அவளுக்கும் அதே வேகம்தான். அதனால் முன்பக்கத்து வெடிதான் முதலில் வெடித்தது என்கிறாள். வெளிச்சம் வந்து சேரத் தாமதம் ஆனதால் வந்த குழப்பமில்லை இது. தாமதத்தை இரண்டு பேருமே கணக்கில் கழித்த பிறகும் மிஞ்சுகிற வித்தியாசம்.

யார் சொல்றது மேடம் சரி என்று முன்வரிசைப் பெண் கேட்டாள். அன்னவாசலிலிருந்து வருகிறவள், லேசில் விடமாட்டாள். இரண்டு பேரும் சரி என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருவன், எங்க வீட்டுச் சண்டையில பஞ்சாயத்துக்கு வந்தவரும் இதத்தான் மேடம் சொன்னாரு என்றான். வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்கு வள்ளென்று விழுந்தேன்.

அந்தப் பெண் மட்டும் கையைக் கீழே இறக்கவில்லை. அப்படியென்றால் எதை வேண்டுமானாலும் முன்னே பின்னே மாற்றிச் சொல்லலாமா, என் அம்மாவுக்கு முன்னால் நான் பிறந்தேன் என்று சொல்கிற ரயிலும் இருக்குமா என்று கேட்டாள். நல்ல கேள்வி. மணி அடிக்கப் போகிற நேரத்தில் வந்த நல்ல கேள்வி. கரும்பலகையை அழித்துக்கொண்டே அவசரமாகச் சொன்னேன்: இருக்காது. ஒரு நிகழ்ச்சியிலிருந்து ஒரு வெளிச்சமோ ஒரு சொல்லோ கிளம்பி, அடுத்தது நடப்பதற்குள் அங்கே போய்ச் சேர முடியுமானால், அந்த வரிசை எல்லாருக்கும் ஒன்றுதான். திரியைப் பற்றவைத்தது முதலில், வெடித்தது பிறகு. எவ்வளவு வேகமான ரயிலில் ஏறினாலும் திரிக்கு முன்னால் வெடியைப் பார்க்க முடியாது. ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ள நேரமே இல்லாதவைதான் ஆளுக்கு ஆள் வரிசை மாறும்.

மணி அடித்துவிட்டது. எனக்கு நினைப்பெல்லாம் மறுநாள் காது குத்தப்போகிற கோயிலில் சிக்னல் கிடைக்குமா என்பதில்தான் இருந்தது.

எங்கள் குலதெய்வம் திருமயத்துக்குப் பக்கத்தில் கண்மாய்க்கரை அய்யனார். வெள்ளிக்கிழமை என்பதால் கிடா கிடையாது, பொங்கலும் சைவச் சாப்பாடும்தான். இதிலேயே பாதிப் பேருக்கு முகம் சுண்டிப்போயிருந்தது. பிள்ளைக்கு மொட்டையடித்துச் சந்தனம் தடவியாயிற்று. ஆசாரி ஊசியும் தங்கக் கம்பியுமாகப் பாயில் வந்து உட்கார்ந்துவிட்டார். காலண்டரில் நல்ல நேரம் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை. அந்தக் கோயிலில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு இடத்தில்தான், பெரிய மண்குதிரையின் முன்னங்கால் பக்கம். அங்கே போய் நின்றுகொண்டு முன்கூட்டியே தம்பியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். கிடைத்துவிட்டான். வேட்டி, சட்டை, நெற்றியில் விபூதி, மடியில் அரக்குப் பாவாடை. பின்னால் அடுக்குக் கட்டிலில் யாரோ போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். படம் அவ்வப்போது உறைந்தது. அவன் உதடு அசைந்து கொஞ்சம் கழித்தே சத்தம் வந்தது.

மதினி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அழகா இருக்கான் என்றார். அங்கே இப்ப மணி என்ன என்று கேட்டார். பதினொன்றேகால் என்றான் தம்பி.

"ஏத்தா, வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகு காலம்ல."

கோயிலில் இருந்த அத்தனை பேரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ராகு காலம் கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை, சூரியன் உதிப்பதிலிருந்துதான் கணக்கு, பத்தரை என்பது ஆறு மணிக்கு விடிகிற ஊருக்கு, சிங்கப்பூர்க்காரர்களுக்குக் கடிகாரத்தில் ஏழு மணிக்குத்தான் விடிகிறது, ஆகவே அங்கே ராகு காலம் பதினொன்றரைக்குத்தான் தொடங்கும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அய்யனார் முன்னால் நின்று நான் ராகு காலத்துக்கு வக்காலத்து வாங்குவேன் என்று என் மாணவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். பூசாரி தலையாட்டினார். எல்லார் முகமும் தெளிந்தது.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், கூட்டல் கழித்தல் என்றால் சும்மா இருக்க மாட்டார். அங்கே பதினொன்றரை என்றால் இங்கே ஒன்பது. அங்கே ஒரு மணி என்றால் இங்கே பத்தரை. ஆக நமக்கு நல்ல நேரம் முழுவதும் அவனுக்கு ராகு காலம். அது முடிகிற பத்தரைக்கு நமக்கு ராகு காலம் பிறந்துவிடும். சொல்லிவிட்டு, விடை சரியாக வந்த திருப்தியில் என்னைப் பார்த்தார். அவரை அப்போது நான் பார்த்த பார்வையை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

கூட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பிள்ளை இருக்கிற இடத்து நேரம்தான் கணக்கு என்றார் ஒருவர். மடி இருக்கிற இடத்து நேரம்தான் கணக்கு என்றார் இன்னொருவர். சித்தப்பா மகன், தான் எதற்கும் தயார் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். போனில் தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். சத்தம் தாமதமாகப் போவதால் அவன் முகம் ஒவ்வொரு பேச்சுக்கும் கொஞ்சம் பிந்தியே வாடியது. "விடுக்கா, அவனே உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்த பாவாடையை எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.

அவன் அந்தப் பாவாடையை மடித்ததைப் பார்த்தேன். அப்போதுதான் முந்தின நாள் கரும்பலகையை அழித்துக்கொண்டே நான் சொன்னது எனக்கே கேட்டது. ஒரே நேரத்தில், ஒரே நேரத்தில் என்று நான் எதற்கு இப்படி முட்டிக்கொள்கிறேன்? அதுதான் ஆளுக்கு ஆள் கழன்று போகிற சரக்கு. திரி முதலில், வெடி பிறகு, அதையல்லவா ஒருத்தராலும் அசைக்க முடியாது.

இங்கே ஒன்பதாகச் சில நிமிடங்கள் இருந்தன. டேய், பாவாடையை மடிக்காதே என்று கத்தினேன். உனக்கு இன்னும் ராகு காலம் பிறக்கல. குத்துங்கன்னு இப்பவே நீ சொல்லு. ஒன் சொல்லு வந்த பிறகு இங்க நல்ல நேரத்துல குத்திக்கிறோம்.

மதினி என் கையைப் பிடித்தார். குத்துற நேரத்துல அவன் இருக்க வேணாமா என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அதனால் எனக்கும் குரல் தணிந்துவிட்டது.

"மதினி, ஒங்க கல்யாணத்துக்கு ஒங்கப்பா சம்மதம் சொன்னது எப்ப, தாலி கட்டுனது எப்ப?"

"சம்மதம் சொன்னது தையில. கல்யாணம் வைகாசியில."

"அவுங்க தையில சொல்லலைன்னா வைகாசியில கட்டியிருப்பாங்களா?"

மதினி போனை என் கையிலிருந்து வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் இங்க ஊசியை எடுப்பாங்க."

படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். உறையவில்லை, அவன்தான் அசையாமல் இருந்தான். பிறகு பாவாடையை மறுபடி மடியில் விரித்தான்.

"தாய்மாமன் சொல்றேன். பாப்பாவுக்குக் காது குத்துங்க. அழுதா மாமனத் திட்டச் சொல்லுங்க."

அதோடு இணைப்பு அறுந்துவிட்டது. மண்குதிரையின் எந்தக் காலடியில் நின்று கூப்பிட்டும் பிறகு கிடைக்கவில்லை.

ஒன்பதேகால் ஆனது. நான் வேட்டியை மடியில் விரிக்கப் போனேன். மதினி அதைப் பிடுங்கினார். பெத்தவ மடியில வச்சுக் குத்துனா நீ முதல்ல அழுவ, பிள்ளை பயந்துக்கும் என்றார். பாயில் கால் மடக்கி உட்கார்ந்து, என் தம்பியின் வேட்டியை நாலாக மடித்துத் தன் மடியில் விரித்து, இரண்டு பக்கமும் இழுத்துச் சரி செய்தார்.

"இது மாமன் மடிதான். நான் அதுக்கு அடியில சும்மா பலகை. கொண்டாங்க பிள்ளையை."

இரண்டு நாளாக அவரை மனதுக்குள் என்னென்னவோ சொல்லி வைதிருந்தேன். அத்தனையும் கரைந்துபோயிற்று. அந்த மொட்டைத் தலையை மதினி தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார், ஆசாரி வலது காதைக் குத்தினார், பிறகு இடது காது. என் மகள் கண்மாயின் அக்கரை வரை கேட்கிற மாதிரி கத்தினாள். மாமன் சொன்னபடியே, திட்டு திட்டு, ஒங்க மாமனத் திட்டு என்று மதினி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். வேட்டியெல்லாம் சந்தனம்.

'குத்தியாச்சுடா' என்று குதிரையடியில் நின்று குரல் செய்தி அனுப்பினேன். அது போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாரும் இலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் போனும் கையுமாகக் குதிரையடியிலேயே நின்றேன். குத்தின நேரத்தில் அவன் என்ன செய்துகொண்டிருந்தானோ. வேட்டியை மாற்றிக்கொண்டு வேலைக்கு ஓடியிருப்பான். இன்றைக்கும் கடிகாரத்தைப் பார்த்து, இரண்டரை மணியைக் கூட்டிக் கழித்து, அதே நேரத்துல நான் அங்க இல்லையே என்று உட்கார்ந்துவிடுவானோ என்று இருந்தது. சிக்கலைத் தீர்த்துவிட்டதாகக் கோயிலில் எனக்கு ஒரு பெருமை வந்ததே, அது முழுக்க வடிந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு அவனே கூப்பிட்டான். பாப்பா தூங்கிப் போயிருந்தாள். அழுதாளா என்றான். ஊரைக் கூட்டினாள் என்றேன். மதினி பலகையான கதையைச் சொன்னேன். சத்தம் போட்டுச் சிரித்தான். அப்புறம் நான் பயந்த கேள்வியைக் கேட்டான். நான் சொல்லி எவ்வளவு நேரம் கழிச்சுக்கா குத்துனாங்க?

கொஞ்ச நேரம் கழித்து என்றேன். மனதில் கணக்குப் போடுகிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் நானே சொல்லிவிட்டேன். அந்த நேரத்துல நீ எங்க இருந்த, என்ன செஞ்சன்னு கணக்குப் பாக்காத. நீ சொன்னது முன்னாடி, குத்துனது பின்னாடி. எந்த ரயில்ல ஏறிப் பாத்தாலும், எந்த நட்சத்திரத்துலருந்து பாத்தாலும் இது மாறாது. அன்னைக்கு ஒனக்கு நான் பாதிப் பாடந்தான் சொன்னேன், இது மீதி.

அங்கே பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா. அப்பா போன அன்னைக்குக் காலையிலயும் எனக்குப் போன் பண்ணாங்க."

எனக்குத் தெரியாது. தினமும் பண்ணுவார் என்று தெரியும், அன்றைக்கும் பண்ணியிருப்பார் என்று யோசித்ததே இல்லை.

"வழக்கமாச் சொல்றதுதான். நேரத்துக்குச் சாப்புடுறா, ஒண்டியா உக்காந்து திங்காத, நாலு பேரோட உக்காந்து சிரிச்சுப் பேசிச் சாப்புடுன்னாங்க."

பாத்திரச் சத்தத்தை விட்டு விலகி வெளியே வந்தான் போலிருந்தது.

"அவுங்க சொன்ன பெறகுதான்க்கா நான் கேண்டீனுக்குப் போனேன்."

"ஆமாடா" என்றேன். இரண்டு வருடமாக அவன் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தது தப்பான இரண்டை. அவன் சிரித்ததற்கும் அப்பா போனதற்கும் நடுவே ஒரு சொல்லும் ஓடவில்லை. அப்பா சொன்னதற்கும் அவன் சிரித்ததற்கும் நடுவேதான் ஓடியிருக்கிறது.

தூக்கத்தில் பாப்பா சிணுங்கினாள். காதில் போனை வைக்கிறேன், பேசு என்றேன். புண்ணான காதுல வைக்காதக்கா என்று பதறினான். சரி வைக்கல, வேறென்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. நாளைக்கு மத்தியானம் கேண்டீனுக்குப் போகலாம்னு இருக்கேன். அவனுக கூட."

போ, நேரத்துக்குச் சாப்புடுறா என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று எனக்கு உறைத்தது. அவனுக்கு முன்னமே உறைத்திருக்க வேண்டும். "சரிப்பா" என்றான்.